எமினே ஊற்றிய தண்ணீர்

பக்கத்து வீட்டுக்காரி இன்று படியைக் கழுவ, ஈரச் சீமெந்தின் மணத்தில் எண்பதுகளில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஹாரிங்கே வீடு நினைவில் எழுந்து வந்தது. பதினான்கு படி ஏறினால் எங்கள் அறை. கீழே வீட்டுக்காரி எமினே, சைப்பிரஸ் துருக்கியப் பெண், தையல் மெசினைக் கடகடக்க விட்டபடி என் மகளுக்கு நாள்தோறும் மூன்று ஒலிவ்காய் கொடுப்பாள்.

மோர்டனில் வேறு வீட்டுக்கு நாங்கள் மாறிய அன்று, சாமான் ஏற்றிய வான் நகர, எமினே பின்னால் ஒரு வாளி தண்ணீரை வீசி ஊற்றினாள்.

“பிணம் எடுத்த வீடு கழுவுறமாதிரியெல்லே ஊத்துறா!” என்றாள் மனைவி.

“இனி இஞ்ச வரமாட்டன்,” என்றேன்.

“எமினே ஆன்ரியிட்ட எப்ப போவம்?” என்று மகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள்.

ஆறு வருடம் கழித்து, உடன் வேலை செய்த துருக்கியர் ஒருவர் சொன்னார்: போகிறவர் தண்ணீர்போலத் தடையின்றிப் போய்த் திரும்பிவர அப்படி ஊற்றுவது அவர்கள் வழக்கமாம். அன்றே ஓடினேன். வீடு இருந்த இடத்தில் பதினொரு கார்கள் நின்றன.

புறப்பட்ட நாளில், பெட்டிகளை எண்ணும் அவசரத்தில், அவளிடம் “போயிட்டு வாறன்” என்றுகூட நான் சொல்லவில்லை.