மஞ்சுக்குள் கூப்பிட்ட பேர்

எலுமிச்சையும் சின்ன வெங்காயமும் கல்லில் முறுகிய கோழியும் கலந்த வாசம்தான் முதலில் வரும். அதன் பிறகே வளைவு வரும், வளைவு திரும்பியதும் வெண்மைக்குள் ஒரு குண்டு பல்பு தெரியும், அந்த வெளிச்சத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வேன் உருவாகும். மூடுபனியை எங்கள் பக்கத்தில் "மஞ்சு" என்போம். வண்டிப்பெரியாரிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு ஏறுகிற சாலையில், ஒரு பக்கம் தேயிலைச் சரிவும் மறுபக்கம் "கொக்கை" என்று நாங்கள் சொல்லும் ஆழமான பள்ளமும் இருந்த அந்த வளைவில், நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடத்து மழைக்காலம் முழுக்க அந்த வேன் நின்றது. அது என் அத்தை செல்வியின் வண்டி.

அத்தை அப்பாவின் தங்கை. சமையல் வேலைக்கென்று அமெரிக்காவுக்குப் போய், ஹூஸ்டன் நகரத்தில் லூப்பே என்ற மெக்சிகோக்காரப் பெண்ணின் உணவு வண்டியில் பல வருடங்கள் கல்லின் முன்னால் நின்றவள். அந்த ஊரில் மத்தியான வெயிலில் கிடங்குகளுக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக வந்து நிற்குமாம். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை. கட்டட வேலைக்காரனும் கோட்டுப் போட்ட மேனேஜரும் ஒரே வரிசையில் நின்று, மடித்த ரொட்டிக்குள் கறியை வைத்துச் சாறு ஒழுகத் தின்பார்களாம். திரும்பி வந்ததும் அத்தை ஒரு பழைய ரொட்டிக் கம்பெனி வேனை வாங்கி, அதன் பக்கத்தை அறுத்து ஜன்னல் வைத்தாள். ரொட்டிக்குப் பதில் பரோட்டா. எங்கள் ஆட்கள் அதற்கு "மடக்குப் பரோட்டா" என்று பேர் வைத்து, சீக்கிரமே ருசி கண்டுகொண்டார்கள்.

ஹூஸ்டனிலிருந்து அத்தை இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்திருந்தாள். அங்கே சாப்பாடு கேட்பவரிடம் பேரைக் கேட்டுக்கொள்வார்கள். தட்டு தயாரானதும் ஜன்னல் வழியே அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். "பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் தின்கிறவனுக்கு ஒரு மரியாதை" என்பாள் லூப்பே என்று அத்தை அடிக்கடி சொல்வாள். ஆகவே எங்கள் வளைவிலும் "முருகேசன்!", "அந்தோணி!" என்று அத்தையின் குரல் மஞ்சுக்குள் போகும், கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை மட்டும் வெளியே வந்து தட்டை வாங்கிக்கொள்ளும். முகம் தெரியாத அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு, அம்மா ஃபேக்டரி வேலை முடிந்து வந்து அழைத்துப் போகும்வரை, வேனின் பின்கதவு ஓரத்தில் நான் பாடம் எழுதிக்கொண்டிருப்பேன்.

பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் மஞ்சு இறங்கினால் ஒருவரையொருவர் தேட "கூ" என்று கூவுவார்களே தவிர, பேர் சொல்ல மாட்டார்கள். "மஞ்சுக்குள்ள ஆளத் தேடினா கூவு, பேரச் சொல்லாத, பேரு அதுக்குக் கேட்டுரும்" என்பது எங்கள் லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. அத்தை சிரிப்பாள்.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். மழை விட்டு, மஞ்சு ஜன்னல் பலகை வரைக்கும் ஏறியிருந்தது. வண்டியைச் சுற்றி நான்கைந்து பேர் நின்றார்கள் என்பது பேச்சுச் சத்தத்தில்தான் தெரிந்தது. "ஒரு கோழி" என்றது ஓர் ஆண்குரல். "பேரு?" என்றாள் அத்தை, கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாரியப்பன்."

தட்டை வைத்துவிட்டு அத்தை கூப்பிட்டாள். "மாரியப்பன்!"

வெளியே பேச்சு நின்றது. அத்தை இன்னும் உரக்க, இன்னொரு தடவை கூப்பிட்டாள். யாரோ தட்டைப் பலகையில் வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு செருப்புச் சத்தங்கள் வேகவேகமாக மேட்டில் ஏறிப் போயின. மாரியப்பனுக்கு வைத்த தட்டு அப்படியே ஆவி பறந்து, ஆவி அடங்கி, குளிர்ந்து போயிற்று. யாரும் வரவில்லை.

அந்தப் பேர் யாருடையது என்று அத்தைக்குத் தெரியாது. எஸ்டேட்டின் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்ட மனிதரை எல்லோரும் "பைப்புக்காரர்" என்றே சொல்வோம். அவர் போன வருடத்து "உருள்பொட்டலில்", மலைச்சரிவு இடிந்து விழுந்தபோது, மேல் டிவிஷன் குழாயைச் சரிசெய்யப் போனவர் மண்ணோடு போய்விட்டார் என்பதை அவளும் கேள்விப்பட்டிருந்தாள். கம்பத்தில் பெண் எடுத்திருந்த அவருடைய பேர் மாரியப்பன் என்பதுதான், பல வருடம் வெளியூரில் இருந்துவிட்ட அவளுக்குத் தெரியாது. உடல் கிடைக்கவில்லை. அவர் மனைவி பேச்சியம்மாள், எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்த பேச்சியக்கா, கருமாதி செய்ய ஒப்பவில்லை. பொட்டும் தாலியுமாகவே கொழுந்துக்குப் போய்வந்தாள்.

"ஊருல மாரியப்பனுக்கா பஞ்சம்? மல ஏறுற லாரில பாதிப்பேரு மாரியப்பன்தான்" என்றார் அப்பா அன்றைக்கு. அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் செய்தி பேச்சியக்காவின் காதுக்குப் போய்விட்டது.

மறுநாள் அவள் வந்தாள். இடுப்பில் கட்டிய மழைச் சாக்கு நனைந்து கனத்திருந்தது. ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கோழி குடு தாயி" என்றாள். அத்தை பழக்கத்தில் பேரைக் கேட்டுவிட்டாள்.

"மாரியப்பன்னு கூப்பிடு."

"பேச்சி, வேண்டாம் பேச்சி."

"நீ நேத்து கூப்பிட்டேல்ல? இன்னிக்கும் கூப்பிடு. உன் சத்தம் தூரமாப் போகுது. என் சத்தம் போகல."

அத்தை கூப்பிட்டாள். பதில் இல்லை. பேச்சியக்கா தட்டை வாங்கிச் சாலையோரக் கல்லில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள், இருட்டும் முன் வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு மஞ்சு இறங்கிய நாளெல்லாம் வந்தாள். அவள் நிற்பதைப் பார்த்தால் மற்றவர்கள் வண்டிப் பக்கம் வர மாட்டார்கள். அத்தை இளைத்துப்போனாள். "அண்ணே, ஹூஸ்டன்ல எத்தனையோ பேரக் கூப்பிட்டிருக்கேன், ஒரு பேருகூட இப்பிடி நாக்குல கனத்ததில்ல" என்று அவள் அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். கூப்பிடாதே என்று அப்பாவும் சொல்லவில்லை. புருஷனைத் தேடுகிறவளிடம் எப்படி மாட்டேன் என்பது?

மழைக்காலம் முடியப்போகிற சமயம். மஞ்சு அப்படி இறங்கி நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. வேனின் பின்கதவில் உட்கார்ந்திருந்த எனக்குத் தொங்கவிட்ட என் கால்களே மங்கலாகத்தான் தெரிந்தன. பேச்சியக்கா வெளியே பலகையைப் பிடித்து நிற்க, அத்தை ஜன்னலில் நின்று கூப்பிட்டாள்.

"மாரியப்பன்!"

"இந்தா வாரேன்."

கொக்கைப் பக்கத்திலிருந்து வந்தது. உரக்க இல்லை, சாப்பாட்டுக்கு உள்ளே கூப்பிட்டால் வாசலில் இருப்பவர் சொல்கிற மாதிரி, சாவகாசமாக. குழாய் ரிப்பேருக்கு வரும்போதெல்லாம் என்னிடம் பேசுகிற அதே பைப்புக்காரர் குரல். கல்லில் கோழி கருகும் வாசம் வந்தது. பலகையைப் பிடித்திருந்த பேச்சியக்காவின் கை சட்டென்று காணாமல் போயிற்று.

"பேச்சி!" என்று அலறிக்கொண்டு அத்தை கதவு வழியே, என்னைத் தாண்டிக் குதித்தாள். "பேச்சி! எங்க இருக்க?"

"இந்தா வாரேன்" என்றது பேச்சியக்காவின் குரல். அதுவும் கொக்கைப் பக்கத்திலிருந்துதான்.

அத்தை அந்தக் குரலை நோக்கி ஓடினாள். அவளுடைய முதுகு மஞ்சுக்குள் கரைந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நான், எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில், வேனின் பின்சக்கரத்தில் சாய்ந்தபடி பேச்சியக்கா தரையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள். கண்கள் கொக்கைப் பக்கமே இருந்தன. அவள் பேசியிருக்க முடியாது.

"அத்தே!" என்று கத்தினேன். தொண்டை கிழிய, மூச்சு முட்டக் கத்தினேன். "அத்தே! அத்தே! இங்க இருக்காங்க, வா!"

மஞ்சுக்குள் காலடிச் சத்தம் நின்றது. சிறு கற்கள் உருண்டு கீழே போகும் ஓசை கேட்டது. அவை அடியைத் தொட்ட ஓசை கேட்கவில்லை. பிறகு அத்தை தவழ்ந்துகொண்டே வந்தாள், உள்ளங்கைகளில் ரத்தம். எங்கள் இருவரையும் வண்டிக்குள் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினாள். அம்மா ஃபேக்டரி ஆட்களோடு வந்து தட்டும்வரை அந்தக் கதவைத் திறக்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் அத்தை என்னிடம், "நல்லவேள, நீ என்னப் பேர் சொல்லிக் கூப்பிடல" என்றாள்.

மறுநாள் வெயில் அடித்தது. சாலையின் ஓரம் ஒரு வண்டி அகலத்துக்குக் கீழே சரிந்திருந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த வாரமே பேச்சியக்கா கருமாதிக்குச் சொல்லியனுப்பினாள். பயந்துவிட்டாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அத்தை வேனை மலையிலிருந்து இறக்கி, பாலக்காட்டுக்கு அப்பால் கஞ்சிக்கோட்டில் ஃபேக்டரிகளுக்கு எதிரே நிறுத்தினாள். அங்கே வெயிலும் லாரிப் புழுதியும்தான். பேர் கேட்பதை விட்டுவிட்டு, ஆட்களுக்கு நம்பர் கொடுத்தாள்.

இப்போது அந்த வளைவே இல்லை. மலையை வெட்டிச் சாலையை நேராக்கி, கொக்கைப் பக்கம் கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டார்கள். சுற்றுலாக்காரர்களுக்காக அங்கே வண்ண விளக்கு வைத்த உணவு வண்டிகள் நிற்கின்றன. சிவப்பு எழுத்தில் நம்பர் ஓடுகிறது, யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எங்கள் லயம் பூட்டிக்கிடக்கிறது. அத்தையின் வேன் இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

பேச்சியக்கா கம்பத்தில் தம்பி வீட்டில் இருக்கிறாள். சென்ற வருடம் போய்ப் பார்த்தேன். எனக்குத் தோசை ஊற்றிப் போட்டுக்கொண்டே, நான் கேட்காமலே அவளே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அவரு சத்தம் கேட்டதும் போகணும்னுதான் எந்திரிச்சேன் தாயி. காலு மடங்கிப்போச்சு, உக்காந்துட்டேன். தவழ்ந்தாவது போயிருப்பேன். அப்பந்தான் உங்க அத்த என்னக் கூப்பிட்டா, அது என் சத்தத்துல பதில் சொல்லுச்சு."

தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"நான் இங்ஙன இருக்கேன், என் சத்தம் அங்ஙன பேசுது. அப்பந்தான், முன்ன பேசினதும் அவரு இல்லன்னு மனசு ஒத்துக்கிச்சு. அது மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தா, நான் இன்னும் பொட்டு வச்சிட்டுத்தான் இருந்திருப்பேன்."