தேவா என்னிடம் மட்டும் சொன்னது

“…அதனால இந்தத் தடவ என் டீம் வேலைய முடிக்காதுக்கா. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். கான்ட்ராக்ட்ல ரெண்டு பேர் இருக்காங்க, மேல தெரிஞ்சா அவங்களத் தூக்கிடுவாங்க லா,” என்றான் தேவா. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் என் எதிரே உட்கார்ந்திருந்தான்.

ஒரு பெரிய காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், நிறுவனத்தில் ஆறு மென்பொருள் குழுக்களை ஒருங்கிணைப்பது என் வேலை. தினமும் காலையில் குழுத் தலைவர்கள் வட்டமாக நின்று தங்கள் தடைகளைச் சொல்வார்கள். “மறைக்காம சொல்லுங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகாது” என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான். தேவா ஒரு குழுவின் தலைவன். அந்த வாக்கை நம்பித்தான் என்னிடம் வாய் திறந்தான்.

மறுநாள் இயக்குநர் எல்லார் முன்னாலும் தாமதத்துக்கு நான்தான் காரணமா என்று கேட்டார். “தேவா டீம்தான் சார், நேத்தே என்கிட்ட சொல்லிட்டாரு,” என்றேன். சொன்னது உண்மைதான், ஆனால் என் தலை தப்பவே சொன்னேன். தேவா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாதக் கடைசியில் அந்த இருவருக்கும் வேலை போனது. மன்னிப்புக் கேட்கப் போனேன். “பரவால்லக்கா, நீங்களும் சம்பளத்துக்கு இருக்கிறவங்கதானே,” என்று சிரித்தான். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

மறுநாள் காலை வட்டத்தில் அவன் முறை வந்தது. “உங்க டீம்ல ஏதாச்சும் தடை இருக்கா தேவா?” என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தான். பிறகு, “ஒண்ணுமே இல்லீங்க மேடம்,” என்று சொல்லி, பேச்சை அடுத்தவரிடம் விட்டுவிட்டான்.