ஜெனிபர் காய்ச்சிய பாகு

8.2.2015 – சர்க்கரை ஒரு கிலோ, எலுமிச்சை ஆறு: ரூ. 52
14.2.2015 – காடா துணி, இரண்டு மீட்டர்: ரூ. 76
14.2.2015 – முகப் பவுடர், சிறிய டப்பா: ரூ. 28
20.2.2015 – சர்க்கரை ஒன்றரை கிலோ, எலுமிச்சை ஒன்பது: ரூ. 78
22.2.2015 – போட்டி நுழைவுக் கட்டணம்: ரூ. 300

கொதிக்கிற சர்க்கரையில் எலுமிச்சைச் சாறு விழும் வாசனை எங்கே வந்தாலும் ஜெனிபருக்குக் கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீடு கண்முன் வந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். வாசலில் கட்டிய கயிற்றில், அலசிப் பிழிந்த துணிக் கீற்றுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் அதைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ பெரிய காயம் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டதும் உண்டு.

அந்த வீட்டுக்கு அவள் 2014 மே மாதம் கல்யாணமாகி வந்தாள். கணவன் தாவீதுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. பர்னஸ் வாயருகே நின்று, பழுத்துச் சிவந்த இரும்புக் கட்டையை நீண்ட இடுக்கியால் இழுத்துவிடுகிறவன். ஷிப்ட் முடிந்தால் நேரே ஹைவே ஓரம் லாரி மெக்கானிக் ஷெட்டுகளுக்குப் பின்னால் இருந்த ஆஞ்சநேயர் உடற்பயிற்சிக் கூடம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவன், மற்ற நாட்களில் ஆஞ்சநேயர் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எடை தூக்குவான். அங்கே எல்லோரும் அப்படித்தான்.

ஜெனிபருக்குப் பர்னஸ் என்றால் ஆகாது. அவள் அப்பா ஆசீர்வாதமும் ஒரு மில்லில்தான் இருந்தார். அவள் எட்டாவது படிக்கும்போது, உருளைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த சிவந்த கம்பி தடம் மாறித் துள்ளி வெளியே வந்து அவர் தொடையில் பாய்ந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு கால் இழுப்பு. பெண் பார்க்க வந்த அன்று தாவீதிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை வருஷம் அந்த நெருப்பில் நிற்கப் போகிறாய் என்பதுதான். ரெண்டே வருஷம், அப்புறம் ரயில்வே என்றான். மாநில ஆணழகன் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிட்டால் விளையாட்டு வீரர்களுக்கான இடங்களுக்கு மனுப் போடலாம். ஆனால் வயது இருபத்தைந்து தாண்டக் கூடாது. அவனுக்கு 2015 டிசம்பரில் இருபத்தைந்து முடிகிறது. அதற்கு முன் வருகிற மாநிலப் போட்டி ஒன்றே ஒன்று: பிப்ரவரி 22, திருவள்ளூரில்.

உடம்பில் குறை இல்லை. குறை முடியில் இருந்தது. மேடையில் ஏறுகிறவன் உடம்பில் முடி இருக்கக் கூடாது. இருந்தால் மேலே அடிக்கிற கறுப்புக் கலர் திட்டுத் திட்டாக நிற்கும், தசைக் கோடு தெரியாது. தாவீதுக்குக் கழுத்துக்குக் கீழே எங்கு பார்த்தாலும் முடி. முந்தின வருஷப் போட்டிக்கு ரேஸரால் வழித்துக்கொண்டு மறுநாள் பர்னஸ் முன்னால் போய் நின்றான். சிரைத்த தோலில் அந்த அனல் பட்டதும் மார்பும் தொடையும் கொப்புளமாகப் பூத்துவிட்டன. மேடை வெளிச்சத்தில் கலர் அத்தனை புள்ளியிலும் தேங்கி நின்றது. ஆறாவது இடம்தான் கிடைத்தது. கூடத்து நண்பன் அருணகிரிக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவனுக்கு மீசையைத் தவிர எங்கும் முடி முளைத்ததில்லை. ஆண்டவன் தன்னை வாக்ஸ் போட்டுத்தான் அனுப்பினான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிவான்.

வழிப்பதற்குப் பதிலாக வேரோடு பிடுங்கிவிட்டால் என்ன என்று யோசித்தவள் ஜெனிபர். ஆண்களுக்குச் செய்கிற கடை சென்னையில்தான் இருந்தது. முழு உடம்புக்கு அவர்கள் சொன்ன தொகையில் ஒரு மாத வாடகை கொடுக்கலாம். கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்த கம்பெனியில் பக்கத்து மேஜைப் பெண், சர்க்கரையும் எலுமிச்சையும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சினால் போதும், வீட்டிலேயே செய்யலாம் என்று சொல்லியிருந்தாள். அளவு சொன்னாள். பதம் சொல்லவில்லை.

பதத்துக்குப் பக்கத்து வீட்டுச் செங்கம்மாள் இருந்தாள். கடலை உருண்டை பிடித்து மின்சார ரயிலில் விற்கிறவள். பாகு என்ற பேச்சை எடுத்ததுமே கரண்டியை வாங்கிக்கொண்டாள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் கேட்க வேண்டும் என்றாள். கேட்டது. ஆற வைத்துத் தாவீதின் வலது முன்கையில் பூசினார்கள். இறுகியது. பிறகு யாராலும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கண்ணாடி போட்டது போல ஆகிவிட்டது.

“கை மடங்கல ஜெனி. இப்டியே டூட்டிக்குப் போனா மேஸ்திரி இன்னா ஏதுன்னு கேப்பான்.”

“அட, நல்லாத்தானே வந்துக்குது?” என்று செங்கம்மாள் தட்டிப் பார்த்தாள். “ஒரு பிடி கடலைய கொட்டியிருந்தா இந்நேரம் உங்கையையே வித்துட்டு வந்திருப்பேன் நைனா.”

வெந்நீரில் கையை ஊற வைத்துக் கரைத்தார்கள். சர்க்கரையில் அதுதான் நல்லது; எந்தத் தப்பும் வெந்நீரில் கரைந்துவிடும். அன்றைக்கே மறுபடி காய்ச்சினாள். இந்த முறை ஜெனிபர் கரண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. தேன் நிறம் வந்து, தண்ணீரில் விட்ட சொட்டு மெத்தென்று உருண்டு, விரலால் அழுத்தினால் நசுங்குகிற இடத்தில் இறக்கினாள். பதம் சரி. துணி தப்பாகிவிட்டது. மில்லில் மெஷின் துடைக்கக் கொடுக்கிற பனியன் வேஸ்ட்டைத் தாவீது ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தான். காசில்லாமல் வருகிறதே என்று இருவருக்கும் சந்தோஷம். இழுத்தால் துணி ரப்பர் போல நீண்டதே தவிர முடி வரவில்லை. பாதி முடி நடுவில் ஒடிந்தது. நீளாத துணி வேண்டும் என்பது அப்படித்தான் தெரிந்தது. கடைக்காரர் காடா துணியைக் கிழித்துக் காட்டியதும், அந்தச் சத்தத்திலேயே இதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பதினைந்தாம் தேதி ஞாயிறு, இடது முன்கையில் மட்டும் சோதனை. தோலைத் துடைத்து உலர்த்தி, பவுடர் போட்டு, பாகின் சூட்டைத் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் பார்த்துக்கொண்டாள். முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே மெல்லிசாகத் தடவினாள். துணியை வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கமாக, மேலே தூக்காமல் தோலை ஒட்டியே ஒரே இழுப்பு. இடுக்கியில் நெருப்புக் கட்டையைப் பிடிக்கிறவன் போட்ட கூச்சலில், புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று நினைத்துச் செங்கம்மாள் ஓடிவந்தாள்.

“சண்டயில்லக்கா,” என்றான் தாவீது, கண்ணில் தண்ணீரோடு. “கோயி உரிக்கிறா மாரி உரிக்கிறா.”

கை பளிங்கு போல ஆனது. மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டு வந்தபோது அதே கை முழுக்கச் சிவப்புப் பருக்கள். வலது கையில் ஒன்றும் இல்லை. ஜெனிபர் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிடுங்கிய தோலுக்கும் அனல் ஆகாது. ஒரு முழு நாள் சூடும் வேர்வையும் படாமல் இருக்க வேண்டும். போட்டி ஞாயிறு. சனி மாலை பிடுங்கினால் மேடையில் தோல் சிவந்திருக்கும். வெள்ளி மாலை பிடுங்கினால் சனிக்கிழமை பர்னஸ் இருக்கிறது.

மேஸ்திரியிடம் லீவு கேட்டான். ஏற்கெனவே ஆள் குறைவு, சனிக்கிழமை வராதவன் திங்கட்கிழமையும் வர வேண்டாம் என்று பதில் வந்தது. போட்டியில் இடம் வராமல் போய், இந்த வேலையும் போய்விட்டால் என்ன செய்வது என்று தாவீது ரேஸரையே எடுத்து வைத்தான். போன வருஷம் போல வரட்டும் என்றான். அவள் அதைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே போட்டாள்.

இருபதாம் தேதி, லெந்து என்கிற தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை. அன்று அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. சாயங்காலம் பெரிய சட்டியில் பாகு ஏறியிருந்தபோது வாசலில் அருணகிரி வந்து நின்றான். அவனும் ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறுகிறவன். எடைப் பிரிவு மட்டும் வேறு. தாவீதின் மில்லிலேயே அவனுக்கு, ஆறிய கம்பியைக் கட்டுகிற இடத்தில் வேலை.

“டேய் தாவீது, நாளைக்கு நீ என் எடத்துல கம்பி கட்டு. பர்னஸ்ல நான் நின்னுக்கிறேன். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். அவனுக்கு ஆளு இருந்தா போதும், மூஞ்சி பாக்க மாட்டான்.”

ஜெனிபர் கரண்டியைக் கீழே வைத்தாள். போட்டிக்கு முந்தின நாள் இவர்கள் தண்ணீரை வாயை நனைக்கிற அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். அப்போதுதான் தோல் தசையோடு ஒட்டி ஒவ்வொரு கோடும் தெரியும். பர்னஸ் முன்னால் நிற்கிறவன் குடம் குடமாகக் குடிக்காமல் நிற்கவே முடியாது. அருணகிரியும் எட்டு மாதமாக உப்பில்லாத கோழிதான் தின்றுகொண்டிருந்தான்.

“அண்ணா, அங்க நின்னா தண்ணி குடிச்சே ஆவணும். உங்க போட்டி போயிடும்.”

“குடிக்கிறேன். எனக்கு இருபத்தெட்டு முடிஞ்சிச்சிம்மா. எந்த ரயில்வேகாரனும் என்ன கூப்பிடப் போறதில்ல. இன்னொரு கப்பு வந்தா இன்னா பண்ணப்போறேன், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வெளக்கணும்.” சட்டியை எட்டிப் பார்த்தான். “பாகு தீயப்போவுது. அவன் கத்துறத கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

தாவீது சட்டையைக் கழற்றினான்.

அன்று முதுகு, மார்பு, தொடை, கால் என்று சின்னச் சின்னப் பட்டைகளாக எடுத்தாள். மார்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பூசவில்லை. மச்சத்தையும் பழைய தீக்காயத் தழும்பையும் சுற்றிப் போனாள். ஒரே இடத்தில் இரண்டாவது தடவைக்கு மேல் துணி வைக்கவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் அருணகிரி வாசலில் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தான், வேண்டுமென்றே தப்பாக. முடிந்ததும் குளிர்ந்த துணியை ஒற்றி, தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவி, பழைய பருத்தி லுங்கியைப் போர்த்திப் படுக்க வைத்தாள்.

சனிக்கிழமை அருணகிரி பர்னஸ் முன்னால் நின்றான். தண்ணீரும் குடித்தான். ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூர் மண்டபத்தில் அவன் உடம்பு உப்பிப் போய், கோடு எதுவும் எழும்பாமல் முதல் சுற்றிலேயே இறங்கினான். இறங்கியவன் நேரே போய்த் தாவீதின் முதுகுக்குக் கலர் அடித்தான். அந்தத் தோலில் கலர் ஒரு திட்டு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனதை ஜெனிபர் மேடைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தாள். தாவீதுக்கு மூன்றாவது இடம். பெயரை வாசித்தபோது முதலில் விசில் அடித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்டில் மனுப் போட்டார்கள். அதற்குப் பிறகான மாதங்கள்தான் ஜெனிபர் இன்றும் ஆசையோடு நினைத்துக்கொள்கிற காலம். திருவள்ளூர் மேடையைப் பார்த்த கூடத்து ஆட்கள் அத்தனை பேரும் தங்கள் மனைவிகளையும் அக்கா தங்கைகளையும் இதைக் கற்றுக்கொள்ளக் கவரைப்பேட்டைக்கு அனுப்பினார்கள். எளாவூரிலிருந்து லாரி டிரைவர் ஒருவன் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள். பழவேற்காட்டிலிருந்து வந்த நர்மதா, வலை இழுத்த கை என்பதால் முதல் நாளே எல்லோரையும்விட நன்றாக இழுத்தாள். ஒவ்வொருத்தியும் முதலில் தன் கையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஜெனிபர் வைத்த சட்டம். வலி தெரியாதவள் அடுத்தவனை இழுக்கக் கூடாது என்பாள். அரிசி மணி நீளம் முடி வளர்ந்திருந்தால்தான் பிடி கிடைக்கும். அதற்குமேல் நீண்டால் கத்தரித்துக்கொள்ள வேண்டும். செங்கம்மாள் ஓரத்தில் உட்கார்ந்து, பதம் தாண்டிப்போன பாகையெல்லாம் கடலை போட்டு உருண்டையாக்கி, எலுமிச்சை உருண்டை என்று ரயிலில் விற்றாள். புருஷன்மாரைப் பற்றி அந்த அறையில் பேசிய பேச்சை வெளியில் சொல்ல முடியாது.

இப்போது அந்தக் கூடம் இல்லை. ஹைவே அகலமானபோது ஷெட்டுகளோடு அதுவும் போனது. புதிதாக வந்த ஏசி ஜிம்மில், எல்லாம் டியூபில் கிடைக்கிறது என்கிறார்கள். அருணகிரி அங்கே பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். இன்னும் முடி முளைக்கவில்லை.

மனுப் போட்ட பிறகும் தாவீது தினமும் பர்னஸுக்குத்தான் போனான். ஷிப்ட் முடிகிற நேரம் தாண்டிப் பத்து நிமிஷம் ஆனால் அவள் வாசலுக்கு வந்துவிடுவாள். மனு வந்து சேர்ந்தது என்று முதல் கடிதம் வந்தது. உடல்தகுதிச் சோதனைக்கு வரச் சொல்லி இரண்டாவது வந்தது. அதன் பிறகு தை போயிற்று, மாசியும் முடிந்தது. தபால்காரர் அவள் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டுப் போகப் பழகிவிட்டார். பங்குனி பிறந்த அன்று நர்மதாவுக்குப் பதம் காட்டிக்கொண்டிருந்தபோது சைக்கிள் வந்து நின்றது. ஜெனிபருக்கு இரண்டு கையிலும் பாகு. செங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நர்மதாதான் உறையைக் கிழித்துச் சத்தமாகப் படித்தாள். பெரம்பூர் ரயில்வேயில் தாவீது வேலையில் சேர வேண்டிய நாள் அதில் இருந்தது. ஜெனிபர் கையைக்கூடக் கழுவாமல் ஸ்டேஷன் பக்கம் ஓடினாள், ஷிப்ட் முடிந்து வருகிறவனை வழியிலேயே பிடிக்க.

கடைசிக் கடிதம் வந்த தேதி: 14.3.2016, திங்கட்கிழமை.