மோர்சிங் மாமாவின் பங்கு

பிரிண்டரிலிருந்து கடைசியாக வந்த அந்தத் தாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பக்கம் முழுக்க, வாசிக்காமல் நிற்க வேண்டிய இடங்களைக் காட்டும் ஓய்வுக் குறிகள். நடுநடுவே, சோற்றில் கல் மாதிரி, ஒன்றிரண்டு அடிகள். தலைப்பில் மட்டும் பெரிதாக ‘மோர்சிங்’ என்று போட்டிருந்தது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நண்பர் வீட்டு ஹாலில் எங்கள் தாளவாத்தியக் குழு ஒத்திகை பார்க்கும். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங். வாசிக்கத் தெரியாத நான், அவர்கள் சேர்ந்து வாசிக்கும் தாளக் கோர்வைகளை எழுதிக்கொடுக்கும் ஆள். கிண்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் சும்மா இருப்பேனா? இசையை எழுத்தாகத் தட்டினால் அச்சாக்கித் தரும் மென்பொருள் ஒன்றைப் பிடித்தேன். கோர்வை முழுவதையும் ஒரே கோப்பில் தட்டிவிட்டால், யாருடைய பங்கைக் கேட்டாலும் அதை மட்டும் தனியே பிரித்துக் கொடுக்கும். அதுவரை எல்லோரும் ஒரே தாளைச் சுற்றி உட்கார்ந்துதான் வாசித்தார்கள். இனி ஆளுக்கொரு தாள் என்று பெருமையாக நீட்டினேன்.

மோர்சிங் மாமா மயிலாப்பூர்க்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இடது கையால் வாத்தியத்தைப் பல்லோடு பிடித்து வலது ஆள்காட்டி விரலால் மீட்டும்போது மட்டும்தான் மாமா பேசமாட்டார் என்று கேலி செய்வோம். அந்தக் கோர்வையில் மற்ற மூவரும் மூச்சு விடும் இடங்களில் விழுவது அவருடைய அடிகள்தான். நால்வர் பங்கும் உள்ள முழுத் தாளில் பார்த்தால் அது புரியும். தனியாகப் பிரித்தால் வெறும் ஓய்வுதான் தெரியும்.

மறுநாள் போன் செய்தார். “ஆத்துல காமிச்சேன்டா. ‘இந்த வெத்துக் காகிதத்துக்கா ஆட்டோ புடிச்சுப் போயிண்டிருக்கேள்’னு மாமி சிரிக்கறா. நான் வேண்டாம்னா நேராச் சொல்லியிருக்கலாமோன்னோ?”

முழுத் தாளை எடுத்துக்கொண்டு அன்றே அவர் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். “அப்படியெல்லாம் இல்ல மாமா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டேன். பேசவில்லை. அடுத்த ஒத்திகைக்கு அவர் வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நானாகவே முடிவு கட்டி, கோப்பில் அவருடைய வரிக்கு முன்னால் ஒரு சதவீதக் குறியைப் போட்டேன். போட்டால் அந்த வரியே இல்லாததுபோல் மென்பொருள் அச்சடித்துவிடும். ஒரு மனிதரைத் தூக்கிப்போட அவ்வளவுதான் வேலை. நினைக்க வெட்கமாக இருக்கிறது. இப்போதெல்லாம் எல்லோருக்கும் முழுத் தாளையே கொடுக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தி.நகரில் ஒரு சின்ன அரங்கில் கச்சேரி. மாமா வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோர்வை தொடங்கியதும் அவருடைய இடது கை தானாக உதட்டருகே போயிற்று. வலது விரல் காற்றில் ஒரு முறை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. நான் எழுதிய இடங்கள்தான், ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த வெற்றுக் காகிதத்தை வீட்டில் வைத்துச் சாதகம் செய்திருக்கிறார். அவர் விரல் அசைந்தபோதெல்லாம் மேடையில் ஒரு சத்தமும் இல்லை.

முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார்.

“நன்னா இருந்ததுடா. நான் இல்லாதது தெரியவே இல்ல.”

தெரிந்தது மாமா, ஒவ்வொரு தடவையும் தெரிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் குழுவினர் நின்றிருந்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.