எலக்ட்ரானை ஏற்கும் மூலக்கூறும் எங்கள் அக்காவும்

ஆயுத பூஜையன்று, அக்காவின் ஆய்வுக்கூடத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த பம்பை, "கருவிகளுக்கு இன்று ஓய்வு" என்று நிறுத்திய புத்திசாலி நான்தான். நிறுத்தியதோடு விடவில்லை, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டினேன். திருச்சானூரில் லாட்ஜ் நடத்துகிறவனுக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் அக்காவைப் பற்றி எழுதுவதை உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா சித்தூரில் பிறந்தார். நைனா, அதாவது எங்கள் அப்பா, மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தார். சீசன் முடிந்தால் வேலை இருக்காது. அந்த மாதங்களில் அக்கா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தானும் படித்தார். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். மூன்றிலும் தேறித் திருப்பதியில் வேதியியல் பேராசிரியர் ஆனார். நான் மூன்றிலும் தோற்று அவருக்குத் தம்பியாகவே இருந்தேன்.

அவர் செய்யும் வேலை என்னவென்று ஒருமுறை கேட்டேன்.

"காத்தே இல்லாத டப்பாக்குள்ள ஒரு மூலக்கூறு போய்க்கினு இருக்குது. அதுங்கிட்ட மெதுவா ஒரு எலக்ட்ரான அனுப்பறோம். சிலது வாங்கி வச்சிக்கினு அப்படியே இருக்கும். சிலது வாங்கின உடனே ஒடஞ்சி பூடும்."

"ஒரே ஒரு எலக்ட்ரானுக்கா?"

"நீ ஒரு ஆளுதான் வந்து தங்கற. எங்க ஊட்டுல எத்தினி சண்ட?"

அக்காவின் கணவர், எங்கள் மாமா, அதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தார்.

ஜெர்மனியில் மார்த்தா என்ற பேராசிரியை இதே ஆராய்ச்சியைச் செய்துவந்தார். இருவரும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தார்கள். கடைசியாக எடுத்துக்கொண்ட மூலக்கூறில்தான் தகராறு வந்தது. எலக்ட்ரானை வாங்கியதும் அது உடைகிறது என்றது திருப்பதி. உடையாமல் தாங்குகிறது என்றது ஜெர்மனி. யார் சொல்வது சரி என்று தெரியாமல் கட்டுரையை வெளியிட முடியவில்லை. அதற்குள் அக்காவுக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. மருத்துவர் கையை விரித்தபின் அக்கா கேட்டது ஒன்றுதான்: தான் இருக்கும்போதே இது முடிவாக வேண்டும்.

அந்த நிலையில்தான் நான் பம்பை நிறுத்தினேன்.

அக்காவைத் தினமும் காரில் அழைத்துப்போய் அழைத்துவருவது என் வேலை. அன்று அவர் ஆய்வுக்கூடத்தை ஒட்டிய தன் அறையில் படுத்திருந்தார். சத்தம் நின்றதும் எழுந்து வந்துவிட்டார்.

"எவன்டா ஆஃப் பண்ணது?"

"நான்தான்க்கா. இன்னிக்கி ஒரு நாளு அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டும்னு..."

"உனக்கு வருஷம் பூரா ஆயுத பூஜதானடா! அது வேல செய்யற மிஷினு!"

டப்பாவிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்ததே அந்தப் பம்புதான்; அது நின்றதும் உள்ளே காற்றும் ஈரமும் புகுந்துவிட்டன. கருவியைப் பல நாட்கள் சூடேற்றி எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. பிறகு மூலக்கூறு எதையும் உள்ளே விடாமல், காலியாகவே ஓட்டிப் பார்த்தார் அக்கா. காலி டப்பாவிலும் உடைந்த துண்டுகள் வந்தன. முன்பு எப்போதோ சோதித்த வேறொரு பொருளின் மிச்சம் குழாயின் உட்சுவரில் ஒட்டியிருந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்த அது, சூட்டில் மொத்தமாகக் கிளம்பி வந்துவிட்டது. அத்தனை காலமும் உடைந்தது அந்த மிச்சம்தான். நம் மூலக்கூறு அல்ல.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். மாணவி சுஜாதா அழுதாள். அவள் சத்தியவேட்டுப் பெண். அக்காவிடம் ஆராய்ச்சி செய்தவள்.

"ஏம்மா அழற? மார்த்தாவுக்குப் போன் போடு."

வீடியோவில் மார்த்தா வந்ததும், நலம்கூட விசாரிக்காமல், "தவறு என்னுடையது" என்றார் அக்கா.  மார்த்தா, "நாளை நானும் என் குழாய்களைச் சோதிக்கிறேன்" என்றார். சோதித்தார், அங்கே சுத்தமாகவே இருந்தது. கட்டுரையில் அந்தத் தவற்றையும் விவரமாக எழுத வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். தேவையில்லை என்று மார்த்தா சொல்லியும் கேட்கவில்லை.

"நான் வுழுந்த குழில அடுத்தவன் வுழக்கூடாது" என்று என்னிடம் சொன்னார். கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி வந்தபோது கண் திறந்து கேட்டார். அந்த வாரமே எங்களை விட்டுப் போனார்.

கடைசிவரை பக்கத்தைவிட்டு நகராத மாமாவுக்கும், ஊசி போடும்போது தெலுங்கில் கதை சொல்லி அவரைச் சிரிக்கவைத்த செவிலியருக்கும், முறைபோட்டுக் காவலிருந்த மாணவர்களுக்கும், ஜெர்மனியில் இருந்தே அழுத மார்த்தாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

நீங்கள் படிக்கும் இந்த அஞ்சலியின் முதல் பிரதியில், அக்கா சொன்னதே சரி என்று கடைசியில் ஜெர்மனி ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தேன். படிப்பவர்கள் பெருமைப்படட்டுமே என்றுதான். விஞ்ஞானப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி சுஜாதாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"தப்புன்னு மேடமே எழுதிட்டுப் போயிட்டாங்க. அத மாத்தறதுக்கு நீங்க யாரு சார்?"