ஆபீசருக்குப் போட்ட வேட்டு

எங்கள் பெரியப்பாவுக்கு ஊர் ஏரியின் மேல் அப்படி ஒரு பாசம். பறவைப் பைத்தியம் என்றே ஊரில் அவருக்குப் பெயர். பாசத்தில் பாதி யூரியா மூட்டையின் மேல் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மழைக்காலம் முழுக்க நாரையும் கொக்கும் வந்து அடையும். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் வாங்க வேண்டாம். பார்க்கவும் அழகு, பயிருக்கும் நல்லது.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் ஊர் அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில். அந்த வருஷம் ஏரி மரங்களை விறகுக்கு ஏலம் விடப்போவதாகத் தண்டோரா போட்டுவிட்டார்கள். பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. டவுனுக்கு நடையாய் நடந்து, வனத்துறை ஆபீசர் ஒருவரைத் தீபாவளிக்கு முன்னால் வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தார். அவர் பறவைகளைக் கண்ணால் பார்த்து எழுதிக் கொடுத்தால் ஏலம் நிற்கும். இல்லாவிட்டால் கோடாலிதான்.

எங்கள் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கீழூர் ஏரிக்குப் போகும். நான் பிறப்பதற்கு முன்னால், மழை குறைந்த ஒரு வருஷம், எங்கள் ஊர்க்காரர்கள் கலங்கலில் மண்மூட்டை அடுக்கி அதை மறித்துவிட்டார்கள். அடிதடி, போலீஸ், எல்லாம் ஆயிற்று. அன்றிலிருந்து இரண்டு ஊருக்கும் பேச்சு கிடையாது. பாவம், பெரியம்மா பிறந்தது கீழூரில். அவளுடைய அண்ணன்தான் அங்கே நாட்டாமை. அவர் கொடுத்துவந்த தீபாவளிச் சீரும் அதோடு நின்றது. ஏரிக்கரையில் ஏறினால் பிறந்த வீட்டுக் கூரை தெரியும், போகத்தான் முடியாது. தீபாவளி நெருங்கினாலே பெரியம்மா எங்கள்மேல் எரிந்து விழுவாள்.

ஆபீசர் வரும் நாளில் பெரியப்பா ஊரையே அடக்கி வைத்தார். "நாயக் கட்டுங்க. கோழியக் கூடையில கவுத்துங்க. எவனும் இருமப்படாது!"

ஜீப் கரையேறியது. மரமெல்லாம் வெள்ளை வேட்டி காயப்போட்டது மாதிரிப் பறவைகள். ஆபீசர் ஒரு காலைத் தரையில் வைத்தார், அவ்வளவுதான்.

டமார்!

எங்கள் பக்கத்தில் சாமி புறப்பட்டாலும் பெரிய மனிதர் வந்தாலும் இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து வேட்டுப் போடுவது மரியாதை. அந்த மரியாதை ஆபீசருக்கும் நடந்துவிட்டது. அடுத்தடுத்து மூன்று. ஏரியே எழுந்து போவதுபோல அத்தனை பறவையும் கிளம்பி, வானத்தை ஒரு வட்டமடித்து, கிழக்கே பறந்து மறைந்தது. ஆபீசர் ஜீப்புக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தலையை நீட்டினார்.

"எங்கய்யா பறவை?"

பெரியப்பா வேட்டுக்காரர்மேல் பாய்ந்தார். "எவன்டா போடச் சொன்னது?"

"உங்க வூட்டுலேர்ந்துதாங்க சொல்லி வுட்டாங்க!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா முந்தானையை இழுத்துச் சொருகினாள். "நாந்தான் சொன்னேன். அம்மாந்தூரத்துலேர்ந்து ஆபீசர் வராரு. ஒரு வேட்டு இல்லாம மொட்டையா வாங்கன்னா மரியாதையாவா இருக்கும்?"

"அடி கூறுகெட்டவளே!" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். அழாத குறை.

"ஏன் இப்புடிக் குதிக்கிறீங்க? அதுவ கலைஞ்சா கீழூரு ஏரியிலதான் போயி உக்காரும். சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்குறேன். வாங்க சார், நான் வழி காட்டுறேன்."

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறியே விட்டாள். ஜீப்பில் போகும் ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன். பெரியப்பா முன்னால் ஆபீசர் பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தார். பெரியம்மா மடியில் ஒரு தூக்குவாளி. முந்தின நாள் சுட்ட அதிரசம் அதற்குள் இருந்தது எனக்கு வாசனையிலேயே தெரிந்தது. ஒன்று கேட்டதற்கு, "ஆபீசருக்குடி" என்று கையைத் தட்டிவிட்டாள்.

கீழூர் ஏரியில் பறவைகள் ஒன்றுமே நடக்காதது மாதிரி இறகு கோதிக்கொண்டிருந்தன. கரையில் பெரியம்மாவின் அண்ணன் நின்றிருந்தார். ஜீப்பிலிருந்து தங்கச்சி இறங்கியதும் அவர் தோள் துண்டு கீழே விழுந்தது. அவருக்கும் பெரியப்பாவுக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. ஆனால் ஊர் எல்லைக்குள் வந்தவரை, அதுவும் ஒரு ஆபீசரின் கண் முன்னால், வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியுமா?

"வாங்க மாப்ள" என்றார், ஏரியைப் பார்த்து.

"வந்தேன் மச்சான்" என்றார் பெரியப்பா, ஜீப்பைப் பார்த்து.

ஆபீசருக்கு உறவெல்லாம் புரியவில்லை, ஏரி புரிந்தது. "பறவைக்கு எதுங்க உங்க ஊர், எது அவங்க ஊர்? ரெண்டு ஏரியும் சேர்ந்தாத்தான் அதுக்கு வீடு. ரெண்டு ஊரும் ஒரே கமிட்டியாக் கையெழுத்துப் போடுங்க, நான் எழுதுறேன். ஒரு ஊர் மட்டும்னா ஏலம்தான்."

புளியமரத்தடியில் பேச்சு தொடங்கியது. பச்சை மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, காய்ந்ததை மட்டும் இரண்டு ஊர்க் கோயில் பொங்கலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். மாடு எந்தக் கரையில் மேய்வது, வலையை எப்போது போடுவது என்று நீண்டது. "மொதல்ல கலங்கல்ல கெடக்குற மண்மூட்டைய எடுக்கச் சொல்லுங்க" என்றார் அண்ணன். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி என்றார். அண்ணன் ஒவ்வொரு பேச்சுக்கும் தூக்குவாளிக்குள் கைவிட்டுக்கொண்டே இருந்தார். பெரியம்மா பக்கத்தில் நின்று அவர் சாப்பிடுவதையே பார்த்தாள். ஆபீசருக்கு ஒரு அதிரசம்கூடக் கிடைக்கவில்லை.

கடைசியாக ஆபீசர் ஒன்று சொன்னார். பறவை இருக்கிற வரைக்கும் இரண்டு ஊரிலும் வெடிச் சத்தமே கேட்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஏலம் நின்றது. தீபாவளி அன்று காலையில் கீழூரிலிருந்து சீர் வந்து இறங்கியது. பெரியம்மா அண்ணன் எடுத்துக் கொடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். நான் பிரிக்காத ஊசிவெடிக் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூணடியில் அழுதுகொண்டிருந்தேன்.

பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழுவாதடி தங்கம். நம்ம வூட்டுக்குச் சேர்த்து இந்த வருச வெடிய நான் அன்னிக்கே போட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

வீட்டு வெடியை என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போட்டுவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. பொங்கல் வரைக்கும் அவளோடு நான் பேசவே இல்லை.