தருலதாவின் குளமும் அளவை அதிகாரியும்

கல்கத்தாவின் பேஹாலா சந்துகளில் தருலதா மைத்தியைத் தெரியாத பூனை கிடையாது. சந்தையில் மீன் நறுக்கிக் கொடுப்பது அவள் தொழில். நாடகக் குழுவோடு போன கணவன், அடுத்த மாதம் வருவதாகப் பதினோரு வருடமாகச் சொல்லியனுப்பிக்கொண்டிருக்கிறான். அதற்காக அவள் எதையும் ஒத்திப்போடவில்லை. மத்தியானம் மேலெல்லாம் செதிலோடு திரும்பி, தெருக்கோடிக் குளத்தில் அக்கரை வரை நீந்தி வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஒரு நாள் குளத்தோரம் லாரிகள் கட்டட இடிபாட்டைக் கொட்டின. அடுக்குமாடி வரப்போகிறதாம். தருலதா வார்டு அலுவலகத்துக்குப் போனாள். அளவை அதிகாரி ஹிரண்மய் பாக்சி கோப்பைப் புரட்டினார்.

"அங்க குளமே இல்லையேம்மா. 'பசுமையான திறந்தவெளி'ன்னுதான் இருக்கு."

"அப்ப இருபத்தாறு வருசமா நான் எதுல பாபு குளிக்கிறேன்?"

"அது உன் சொந்த விஷயம்."

அவள் நகரவில்லை. தினமும் சந்தையிலிருந்து நேராக வந்து அங்கேயே உட்கார்ந்தாள். நாலாம் நாள் மீன் வாடை தாங்காமல் அலுவலகமே கெஞ்ச, பாக்சி நேரில் பார்க்கச் சம்மதித்தார்.

அடுக்குமாடிக் கட்டடக்காரரின் காரில், மறுகரைப் பக்கமாக வந்து இறங்கினார். தருலதா குளத்தைச் சுற்றிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தாள். மழைக்காலம். அந்தப் பக்கம் முழுக்க ஆகாயத்தாமரை மண்டிப் பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடந்தது.

"பாத்தியா? புல்வெளி. பந்தே விளையாடலாம்."

"கால வெக்காதீங்க பாபு. ஆழம்."

"எனக்குப் புல்லு தெரியாதா?"

கோப்பை மார்போடு அணைத்து, குடையைப் பிடித்தபடி இரண்டடி வைத்தார். மூன்றாவது அடியில் திறந்தவெளி திறந்துகொண்டது. குடை மட்டும் மேலே நின்றது.

கட்டடக்காரர் தன் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே நின்றார். தருலதா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தாள். பெரிய மீன்களைச் செவுளில் பிடித்துப் பழகிய கை, இவரைச் சட்டைக் காலரில் பிடித்தது. பாதி வழியில் இழுப்பதை நிறுத்தினாள்.

"இது என்ன பாபு, மைதானமா?"

"குளம்... குளந்தாம்மா. இழு."

கரையேறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆள் போயிருந்தால் பழி குளத்தின் மேலல்லவா விழுந்திருக்கும்.

ஒரே வாரத்தில் கோப்பு திருத்தப்பட்டது: நீர்நிலை, ஆழம் பதினான்கு அடி, அதிகாரி நேரில் இறங்கிச் சரிபார்த்தது. லாரிகள் நின்றன. கொட்டிய இடிபாட்டை மட்டும் யாரும் அள்ளவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பலகை வந்தது: 'ஆபத்தான நீர்நிலை. குளிக்கத் தடை.'

தருலதா அதை நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நல்லதுதான். நீச்சல் தெரியாத ஆபீசருங்க எறங்க வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.